இரண்டு நிமிடம் வெளியே

இன்டோர் சாக்கரில் முரட்டுத்தனமாக மோதியவருக்கு நடுவர் நீல அட்டை காட்டுவார். அவர் இரண்டு நிமிடம் களத்துக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவர் இடத்தில் வேறு ஆளை இறக்க முடியாது. அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இரண்டு நிமிடம் கழிந்தாலோ, அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டாலோ, அவர் திரும்ப வந்து ஆடலாம். சட்டம் இவ்வளவுதான். பொழுதுபோக்குக்காக ஆடுகிற ஆட்டத்தின் சட்டம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படித் தண்டிக்க வேண்டும் என்ற பழைய கேள்விக்கு இதில் ஒரு நல்ல பதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வட அமெரிக்காவின் வடக்கு நகரங்களில் குளிர்காலம் வந்தால் மைதானங்கள் பனிக்கடியில் போய்விடும். கால்பந்தை விட மனமில்லாதவர்கள் கூரைக்கடியில் வருகிறார்கள். காற்றடைத்து நிறுத்திய பெரிய கூடாரங்கள், ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டிய அரங்குகள், பழைய கிடங்குகள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் செயற்கைப் புல் விரித்து ஆடுகிறார்கள். அரங்குக்கு மணிக்கணக்கில் வாடகை. அதனால் ஓர் ஆட்டம் முடிந்த கையோடு அடுத்த அணி உள்ளே இறங்கும். இரவு பத்து, பதினொரு மணிக்குக்கூட ஆட்டம் தொடங்கும். ஆடுபவர்கள் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்: தச்சர், கணக்கர், நர்ஸ், லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவர். டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் பக்கம் போனால் அந்தக் கூட்டத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானங்களில் வெயிலில் பந்து அடித்தவர்களின் பிள்ளைகள்.

இந்த ஆட்டம் இப்போதைய வடிவத்துக்கு வந்ததில் ஐஸ் ஹாக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 1974 பிப்ரவரியில் மாஸ்கோவின் ராணுவ அணி அமெரிக்கா வந்து, ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் உள்ளூர் ஆட்டம்ஸ் அணியுடன் கூரைக்கடியில் மோதியது. அதைப் பார்த்துவிட்டு எழுந்த ஆசையில்தான் எர்ல் ஃபோர்மன், எட் டெப்பர் என்ற இருவர் 1978-இல் மேஜர் இன்டோர் சாக்கர் லீக்கைத் தொடங்கினார்கள். அந்த லீக் 1992-இல் மூடப்பட்டது. அது பரப்பிய ஆட்டமுறை ஊர் ஊராகப் பொழுதுபோக்கு லீக்குகளில் தங்கிவிட்டது. சுற்றிலும் சுவர், அதன்மேல் கண்ணாடித் தடுப்பு, ஆட்டத்தை நிறுத்தாமலே ஆள் மாற்றிக்கொள்வது, தவறு செய்தவரை ஓரத்தில் உட்கார வைப்பது எல்லாமே ஹாக்கியின் கொடை.

சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபவுல் என்ற சொல்லுக்கே இங்கே பொருள் மாறுவது அதனால்தான்.

முழு அளவுக் கால்பந்து மைதானம் ஏறத்தாழ 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அமெரிக்க ஹாக்கி அரங்கின் தளம் 61 மீட்டருக்கு 26 மீட்டர். மைதானத்தின் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அணிக்குப் பதினொரு பேருக்குப் பதில் கோல்கீப்பர் உட்பட ஆறு பேர்தான் என்றாலும், தலைக்குக் கிடைக்கும் இடம் பாதிக்கும் குறைவு. அந்த நெருக்கத்தில் உடம்பு உடம்போடு உரசாமல் ஒரு நிமிடம்கூட ஓடாது. திறந்த வெளியில் முதுகில் கை வைத்துத் தள்ளினால் விழுபவன் புல்லில் உருண்டு எழுந்துவிடுவான். அதே தள்ளலைச் சுவரிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் வைத்தால் தோள்பட்டையோ மணிக்கட்டோ பல்லோ போகும். கையின் வேகம் ஒன்றுதான், விளைவு வேறு. ஆகவே இங்கே நடுவர் தள்ளிய கையை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கைக்கு எதிரே என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். எதிராளியைச் சுவரில் மோத விடுவதற்கு ஹாக்கியில் போர்டிங் என்று பெயர். இன்டோர் சாக்கரிலும் அதே பெயர்தான். பல பொழுதுபோக்கு லீக்குகள் தரையில் சறுக்கிப் பந்தைப் பறிப்பதையே தடை செய்திருப்பதற்கும் இதே காரணம். சறுக்குபவன் நிற்க இடமில்லை, சறுக்கப்படுபவன் ஒதுங்க இடமில்லை.

சுவர் இன்னொன்றும் செய்கிறது. அது மூச்சு வாங்கும் நேரத்தைப் பறித்துவிடுகிறது. மைதானத்தில் பந்து கோட்டைத் தாண்டிப் போகும். யாராவது நடந்து போய் எடுத்து வருவார்கள். அந்தப் பத்து இருபது நொடிகளில் இடித்தவனும் இடிபட்டவனும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சூடு கொஞ்சம் இறங்கும். சுவர் உள்ள ஆட்டத்தில் பந்து வெளியே போவது அரிது. சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். கணுக்காலில் உதை வாங்கியவனுக்கு வலி அடங்குமுன்பே, உதைத்தவன் மறுபடி எதிரே நிற்கிறான். பதில் உதை அப்படித்தான் பிறக்கிறது. இந்த அரங்குகளில் நடக்கும் சண்டைகளைக் கெட்ட மனிதர்களின் சண்டையாகப் பார்ப்பது தவறு. ஆற நேரம் கிடைக்காத கோபம் அது. ஓரத்துப் பெஞ்சும் இரண்டு நிமிடமும், சுவர் பறித்துக்கொண்ட மூச்சைத் திருப்பிக் கொடுக்கின்றன. இதை நான் தண்டனையின் பக்கவிளைவாகப் பார்க்கவில்லை. இந்த ஆட்டத்தில் தண்டனையின் முதல் வேலையே இதுதான்.

இனி நடுவர். தொழில்முறை ஆட்டத்தில் உதவி நடுவர், நேரம் காப்பவர், காணொளி எல்லாம் உண்டு. வாரநாள் இரவு லீக்கில் பெரும்பாலும் ஒரே ஆள். விசில் அவரிடம், கோல் கணக்கு அவரிடம், யார் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழ வேண்டும் என்ற கணக்கும் பல இடங்களில் அவரிடம்தான். கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஆட்டத்துக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்தைத் தொடர்ந்து அவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் நான்கைந்து பேர் இருப்பார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாததற்கு அவர் தண்டிக்கவும் முடியாது. பார்த்த பதில் அடிக்கு அட்டை, பார்க்காத முதல் அடிக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஆடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்று தோன்றும். அதனால் நல்ல நடுவர் தன் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலையைச் செய்துவிடுகிறார். சுவரோரம் ஒதுங்கி, பந்தை ஓரக்கண்ணாலும் உடம்புகளை நேர்க்கண்ணாலும் பார்க்கிறார்.

அவருக்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் வைக்கப்படும் வாதம் ஒன்றுதான்: "நான் வேணும்னு செய்யல."

பெரும்பாலும் அது உண்மை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு, மாற்று ஆட்கள் இரண்டு பேர் வராமல் போன இரவில், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கால் மூளை சொன்னதைக் கேட்காது. அரை நொடி தாமதமாக வந்து சேரும் கால் பந்தைத் தொடாது, எதிராளியின் கணுக்காலைத் தொடும். ஆட்டத்துக்குப் புதியவர்களும் இப்படித்தான். அவர்களிடம் வஞ்சம் இல்லை, கட்டுப்பாடு இல்லை. கால்பந்துச் சட்டமும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுதான் திருந்தியது. வேண்டுமென்றே செய்தாரா என்று மனத்துக்குள் எட்டிப் பார்க்கும் சுமையை, 1990-களின் நடுவில் பெரும்பாலான ஃபவுல்களுக்கு நடுவரின் தலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்று கேட்கப்படுவது மூன்று படிகள்: கவனக்குறைவா, எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாத செயலா, அளவு மீறிய பலமா. முதலாவதற்கு ஃப்ரீ கிக் மட்டும். இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு.

இதில் ஒரு பெரிய மனவிடுதலை இருக்கிறது. உடைந்த கணுக்காலுக்கு உதைத்தவனின் நோக்கம் தெரியாது. அதே சமயம், நோக்கத்தை விசாரிக்காத தண்டனை குணத்தையும் தீர்ப்பிடுவதில்லை. இரண்டு நிமிடம் உட்கார் என்னும்போது நடுவர் நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. இப்போது நடந்தது இந்தக் களத்துக்கு ஆபத்து, கொஞ்ச நேரம் விலகி இரு என்கிறார். இந்த வேறுபாடு புரியாததால்தான் பல வீரர்கள் அட்டையைத் தங்கள் மானத்தின் மீது விழுந்த அடியாக எடுத்துக்கொண்டு கத்துகிறார்கள்.

கால்பந்தின் அட்டைகளுக்கு வயது அதிகமில்லை. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து-அர்ஜென்டினா ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட அர்ஜென்டினத் தலைவர் ரத்தீன், நடுவரின் மொழி புரியாமல் களத்தை விட்டு நகர மறுத்தார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இறங்கியவர் நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த கென் ஆஸ்டன். வீடு திரும்பும் வழியில் லண்டன் சிக்னல் விளக்கைப் பார்த்ததும் மஞ்சளும் சிவப்பும் அவர் மனத்தில் பொருந்தின. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. மொழி தெரியாதவர்க்கும் புரியும் அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருந்தது. மஞ்சள் வாங்கியவர் அந்த நொடியில் எதையும் இழப்பதில்லை. சிவப்பு வாங்கியவர் எல்லாவற்றையும் இழக்கிறார், அவர் அணியும் ஆட்டம் முடியும்வரை இழக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

தொழில்முறை நடுவர் இந்தப் பள்ளத்தோடு வாழப் பழகிக்கொண்டார். வாரநாள் இரவின் தனி நடுவரால் முடியாது. எதிரே நிற்பவர் வேலை முடிந்து, பணம் கட்டி, வாரத்தில் இந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்து வந்தவர் என்று அவருக்குத் தெரியும். பலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவு பழக்கம். கையில் இருப்பது சிவப்பு மட்டும் என்றால் கை தயங்கும். இந்த ஒரு தடவை போகட்டும் என்று விடுவார். விட்ட இடத்தில் அடுத்த உதை கொஞ்சம் பலமாக விழும். கடைசியில் சிவப்பு வெளியே வரும்போது, யாராவது ஒருவர் ஐஸ் கட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

நான் சொல்ல வருவது இதுதான். பெரிய தண்டனை கொடுக்கப்படாத தண்டனையாகிவிடுகிறது. கொடுக்க முடிகிற அளவுக்குச் சிறியதாக இருப்பதால்தான் இரண்டு நிமிடம் உண்மையில் கொடுக்கப்படுகிறது. கொடுக்கப்படுவதால் மதிக்கப்படுகிறது. இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764-இல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி எழுதிய சிறு நூலில் இதையே நாடுகளுக்குச் சொன்னார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதி. நமக்கு இது புதிதில்லை. வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குச் சொல்வதும் இந்தத் திசையில்தான்: கண்டிப்பதில் உறுதியாக இரு, தண்டிக்கும்போது அளவோடு நில். மன்னர்களுக்கும் நாடாளுமன்றங்களுக்கும் கைவராத அந்த அளவு, இரவு பத்து மணிக்கு ஒரு காற்றடைத்த கூடாரத்தில் கைகூடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கோல் விழுந்தால் உட்கார்ந்தவர் எழுந்து வரலாம் என்ற விதியும் ஹாக்கி தந்ததுதான், அதற்கு ஒரு கதை உண்டு. 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணியில் ஆள் குறைந்திருந்த நேரத்தில், மான்ட்ரியல் அணியின் ஜான் பெலிவோ 44 நொடிகளில் மூன்று கோல் போட்டார். அன்று விதி, எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடமும் முழுதாக உட்கார வேண்டும் என்பது. மான்ட்ரியலின் அந்த வல்லமையைப் பார்த்த பிறகு, 1956-57 பருவத்திலிருந்து சிறு தண்டனைகளுக்கு ஒரு கோலோடு முடிவு என்று மாற்றினார்கள். வலுவான ஓர் அணியை அடக்கச் செய்த மாற்றம் என்று ஹாக்கிக்காரர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், அதற்குள் ஓர் அறம் வந்து குடியேறிவிட்டது: தவறுக்கு ஈடு கிடைத்துவிட்டால் அதற்குமேல் தண்டிக்க யாருக்கும் உரிமையில்லை. ஈடு கிடைத்த பிறகும் தொடரும் தண்டனைக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இன்னொரு விதியும் என்னை யோசிக்க வைக்கிறது. கோல்கீப்பர் நீல அட்டை வாங்கினால், வழக்கமாக அவருக்குப் பதில் அணியின் வேறொரு வீரர் போய் உட்காருவார். தவறு ஒருவருடையது, பெஞ்சு இன்னொருவருக்கு. கேட்டதும் அநியாயமாகத் தோன்றும். ஆனால் மற்ற நேரங்களிலும் நடப்பது அதுதானே? தவறு செய்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து பேர் ஓட வேண்டிய இடத்தை நான்கு பேர் ஓடித் தீர்க்கிறார்கள். தண்டனையின் பாரம் முழுவதும் அவர்கள் நுரையீரலில்தான். அந்த இரண்டு நிமிடமும் அவர் கண்ணெதிரே அவருடைய நண்பர்கள் தடுமாறுவதை அவர் பார்த்தாக வேண்டும். எந்த நடுவரின் அறிவுரையும் அந்தக் காட்சி செய்யும் வேலையைச் செய்யாது. அட்டை காட்டியதும் நடுவரை நோக்கிக் கத்தியவர், ஒரு நிமிடம் கழிந்ததும் "பின்னால பாரு, பின்னால பாரு" என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிவிடுவார். கவனம் தன் மானத்திலிருந்து தன் அணிக்கு மாறிவிட்டது. அப்போதே அவர் திரும்பி வரத் தகுதியாகிவிட்டார். கடிகாரம் மட்டும்தான் பாக்கி.

சுவரில்லாத உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சால் இதையே வேறு வழியில் செய்கிறது. 1930-இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி தொடங்கிய ஆட்டம் அது. அங்கே அணியின் ஃபவுல்கள் எண்ணப்படுகின்றன. ஒரு பாதியில் ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்குத் தடுப்பு வரிசை இல்லாத நேரடி உதை. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு சின்ன இழுப்பு இழுத்தாலும் கணக்கு அணியின் பெயரில் ஏறும். நல்ல விதிதான். ஆனாலும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இரண்டு நிமிடப் பெஞ்சையே நான் மேலாக நினைக்கிறேன். எண்ணிக்கை அணியைத் திருத்தும், கோபத்தில் இருக்கும் மனிதனைக் களத்திலேயே விட்டுவைக்கும்.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் இந்த உண்மையைத் திறந்த மைதானத்தில் சோதித்துப் பார்த்தது. அடிமட்டத்து ஆட்டங்களில் நடுவரை எதிர்த்துப் பேசுவோரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் முறையை 31 லீக்குகளில் முயன்றது. எதிர்ப்பேச்சு 38 விழுக்காடு குறைந்ததாக அறிவித்து, 2019-20 பருவத்தில் அடிமட்ட ஆட்டம் முழுவதற்கும் விரித்தது. மேல்மட்டத் தொழில்முறைக் கால்பந்துக்கு நீல அட்டை வரலாம் என்று 2024 தொடக்கத்தில் பேச்சு எழுந்தபோது, ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ அதை வெளிப்படையாக மறுத்துவிட்டார். மேல்மட்டத்தின் நியாயங்கள் அவர்களுக்கு. ஆனால் அடிமட்டத்தில் நடுவராக நிற்க ஆள் கிடைப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. 2023-இல் அதே இங்கிலாந்தில் அடிமட்ட நடுவர்கள் சிலரின் மார்பில் கேமரா பொருத்திப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பொழுதுபோக்கு ஆட்டத்தின் நடுவர் தன் பாதுகாப்புக்குக் கேமராவை அணிய வேண்டியிருப்பது நமக்கெல்லாம் வெட்கம்.

பொழுதுபோக்குக்கு ஆடும் இடத்தில் அட்டை எதற்கு, பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடாதா என்று நல்ல மனமுள்ளவர்களே கேட்கிறார்கள். பேசித் தீர்ப்பது ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் நடக்க வேண்டியது. ஆட்டத்தின் நடுவே பேச்சு வளர்ந்தால் ஓடும் கடிகாரம் எல்லோருடைய நேரத்தையும் தின்னும், பெருங்குரல்காரர் வெல்வார். கூச்சமுள்ளவர், புதிதாக வந்தவர், மொழி தெரியாத குடியேறி, ஆண்களோடு கலந்து ஆடும் பெண் ஆகியோர் அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள், அடுத்த பருவம் வரமாட்டார்கள். அட்டை அவர்களுக்காகத்தான் அதிகம் தேவை. தங்களுக்காகக் கத்தத் தெரியாதவர்களுக்கு விசில்தான் குரல்.

அடுத்த வாரமும் இதே பன்னிரண்டு பேர் இதே தளத்தில் ஆட வேண்டும். இடித்தவரும் இடிபட்டவரும் அதே வாகன நிறுத்தத்தில் ஷூ மாற்றுவார்கள், சிலர் ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள். சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டியவர்களுக்கு முடிவு தெரிந்த தண்டனைதான் வேண்டும். எப்போது முடியும் என்று தெரியாத தண்டனையில் இருப்பவன் பகையை வளர்ப்பான். இரண்டு நிமிடத்தில் முடியும் என்று தெரிந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு எழத் தயாராவான்.

ஆகவே நடுவராக நிற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் முரட்டு மோதலுக்கே நீல அட்டையை எடுங்கள், ஐந்தாவது நிமிடமானாலும் எடுங்கள். முழங்கால்கள் நன்றாக இருக்கும்போதே எடுங்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும் அவரை உள்ளே கூப்பிட ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். ஆடுபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அட்டை உங்களை நோக்கி உயர்ந்தால் வாதாடாமல் போய் உட்காருங்கள். திரும்பி வருபவர் எதிரணிக்காரராக இருந்தால், பழையதைச் சொல்லிக் காட்டாமல் ஆட விடுங்கள்.